சோளிங்கரை எந்த ஊரோடு சேர்ப்பது?

நான் பிறந்து வளர்ந்தது சோளிங்கர். சென்னையில் பல வருஷம் வேலை பார்த்தது சோழிங்கநல்லூர். இந்த இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாத கூரியர்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் சோளிங்கரைச் சென்னையோடு யாராவது சேர்த்துப் பேசினால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும்.

2018 ஜனவரியில் மாமா போன் பண்ணார். "இன்னா மாப்ளே, நம்ம ஊரு மெட்ராஸ்ல சேர்ந்துடுச்சாமே? பாணாவரம் ரோட்டுல மனை வெலை ஏறிப்போச்சுன்றாங்க." அந்த வாரம்தான் தமிழக அரசு சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 8,878 சதுர கி.மீ. ஆக்கப்போவதாக அறிவித்திருந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் முழுசா, கூடவே அன்றைய வேலூர் மாவட்டத்தின் அரக்கோணம் பகுதி. எங்க ஊர் அப்போ வாலாஜா தாலுகா. எல்லைக்கு வெளியேதான், ஆனால் கூப்பிடு தூரம். புரோக்கர்களுக்கு அது போதுமே.

2022 அக்டோபரில் அந்தத் திட்டம் 5,904 சதுர கி.மீ. ஆகச் சுருங்கி அரசாணையாக வந்தது. அதிலும் அரக்கோணம் பக்கம் உண்டு, நாங்கள் இல்லை. மாமாவுக்கு வருத்தம். எனக்கும் பாணாவரம் ரோட்டில் ஒரு மனை இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படிக்கும்போது இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னை கைவிட்ட பிறகு இன்னொரு யோசனை எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. கூடப் படித்த நண்பர்கள் பலர் இதை ரொம்ப உறுதியாகச் சொல்கிறார்கள். வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெருநகரப் பகுதியாக அறிவிக்க வேண்டும். "கோயம்புத்தூர், மதுரைக்கு இருக்கிற மரியாதை நமக்கு ஏன் இல்ல? தனித்தனியா இருக்கறதாலதான்" என்பது அவர்கள் வாதம். சோளிங்கரையும் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று எனக்காகச் சேர்த்துச் சொல்வார்கள்.

இந்த யோசனை பாதி சரி, பாதி தப்பு என்பது என் எண்ணம். சேரவேண்டும் என்பது சரி. அதற்கு அவர்கள் சொல்கிற காரணம் தப்பு. காரணம் தப்பாக இருந்தால் வரைகிற கோடும் தப்பாகத்தான் போகும்.

மூன்று விஷயம், ஒரே பேர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஊர்களைச் சேர்ப்பது" என்று சொல்லும்போது நாம் மூன்று வேறு வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகிறோம்.

ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் செய்வது. அவர்கள் இதை அர்பன் அக்ளோமரேஷன் என்கிறார்கள். நகரத் திரள் என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்கள் விடாமல் தொடர்ந்து போகவேண்டும், உள்ளே ஒரு நகராட்சியோ பேரூராட்சியோ இருக்கவேண்டும், மொத்தம் 20,000 பேருக்குக் குறையக்கூடாது. இது வெறும் புள்ளிவிவரம். இதனால் ஒரு தெருவிளக்குகூட எரியாது.

இரண்டு, ஒரே மாநகராட்சி ஆக்குவது. வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. பிறகு 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற பக்கத்து ஊர்கள் அதில் கரைந்தன. இங்கே பழைய நகராட்சி காணாமல் போகும், வரியும் மன்றமும் ஒன்றாகும்.

மூன்று, அரசியல் சாசனம் சொல்கிற பெருநகரப் பகுதி. 74ஆவது திருத்தம் வழியாக வந்தது, 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கவேண்டும். ஒரே மாவட்டத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை, பல மாவட்டங்களில் பரவியிருக்கலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகராட்சிகளோ ஊராட்சிகளோ இருக்கவேண்டும். ஆளுநர் அறிவிக்கை மூலம் சொல்லவேண்டும். இதில் எந்த நகராட்சியும் கரைந்துபோகாது. மேலே ஒரு திட்டக்குழு வரும், அதன் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்கவேண்டும்.

நண்பர்கள் கேட்பது மூன்றாவதை. ஆனால் வாதாடும்போது முதலாவதின் எண்களை எடுத்துக்கொண்டு இரண்டாவதின் பெருமையைப் பேசுகிறார்கள்.

நாற்பது வரி புரோகிராம்

நான் புரோகிராமர். வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருப்பதைவிட எழுதிப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து நகராட்சிகள், மாநகராட்சிகளின் மையப்புள்ளிகளை எடுத்துக்கொண்டேன். விதி ஒன்றே ஒன்று: இரண்டு ஊருக்கு நடுவே நேர்கோட்டுத் தூரம் இத்தனை கி.மீ.க்குள் இருந்தால் இரண்டும் ஒரே குழு. அந்த "இத்தனை" என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன்.

6 கி.மீ. போட்டால் வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு, மேல்விஷாரம் ஒட்டிக்கொள்கின்றன. பாலாற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும், யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. ஏறக்குறைய 18 போட்டால் வேலூர் இவற்றோடு சேர்கிறது. அதே நேரம் மேற்கே குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் தனிக் குழுவாகிவிடுகின்றன. கிழக்கே அரக்கோணமும் திருத்தணியும் ஜோடி. சோளிங்கர் மட்டும் தனியாக நிற்கிறது.

23-ஐ ஒட்டிப் போனபோதுதான் வேடிக்கை. சோளிங்கரிலிருந்து வாலாஜாவும் திருத்தணியும் நேர்கோட்டில் கிட்டத்தட்ட ஒரே தூரம். அதனால் சோளிங்கர் ஒரு பக்கம் மட்டும் சேரவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டி, வேலூர்க் குழுவையும் அரக்கோணம் குழுவையும் ஒன்றாக்கிவிட்டது. 30 போட்டேன். திருப்பத்தூரிலிருந்து மெரினா வரை ஒரே ஊர்!

இந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். எல்லை எங்கே என்று புரோகிராம் கண்டுபிடிக்கவில்லை. நான் கொடுத்த எண்தான் எல்லையைப் போட்டது. 18 சரியா, 23 சரியா என்று கேட்டால் வரைபடத்திடம் பதில் கிடையாது. எதற்காகச் சேர்க்கிறோம் என்று முதலில் சொன்னால்தான் எண்ணைப் பற்றிப் பேசவே முடியும்.

இதற்குக் கைமேல் உதாரணம் மலப்புறம். 2001 கணக்கெடுப்பில் மலப்புறம் நகரத் திரளில் சுமார் 1.7 லட்சம் பேர். 2011-ல் ஏறக்குறைய 17 லட்சம். பத்து வருஷத்தில் பத்து மடங்கு! மலப்புறம் நகராட்சிக்குள் இருப்பவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். நடந்தது என்னவென்றால், கேரளத்தில் வீடுகள் ரோட்டோரமாக விடாமல் போவதால், சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் 2011-ல் ஒரே திரளுக்குள் வந்துவிட்டன. கணக்கு மாறியது, எண் எகிறியது. அந்த எண்ணை அடிப்படையாக வைத்த ஒரு பட்டியல் 2020 ஜனவரியில் உலகத்திலேயே வேகமாக வளரும் நகரம் மலப்புறம் என்று சொல்லிவிட்டது. மலப்புறத்துக்காரர்களே சிரித்திருப்பார்கள்.

பத்து லட்சம் என்கிற கூட்டல் கணக்கு

நண்பர்களின் முதல் வாதம் பணம். அதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். 15ஆவது நிதி ஆணையம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகரத் திரள்களுக்கென்றே 2021–26 காலத்துக்கு 38,196 கோடி ரூபாய் தனியாக ஒதுக்கச் சொன்னது. கேரளத்தில் ஏழு திரள்கள் அந்த வரிசையில் வந்தன. நமக்கு என்ன வந்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

அதற்காக இவர்கள் போடுகிற கூட்டலைப் பாருங்கள். 2011 கணக்கில் வேலூர்த் திரள் சுமார் 4.8 லட்சம். ராணிப்பேட்டைத் திரள் சுமார் 2.6 லட்சம். கூட்டினால் 7.4. பத்து வரவில்லை. சரி, ஆம்பூர் 1.14 லட்சம் சேர். இன்னும் வரவில்லை. வாணியம்பாடி 95 ஆயிரம், குடியாத்தம் 91 ஆயிரம். இப்போ பத்து லட்சத்தைத் தாண்டியாச்சு. நிறுத்து!

பத்து லட்சம் வரும்வரை ஊர் சேர்ப்பது ஒரு முறையா? பேரணாம்பட்டு இல்லாமலேயே பத்து லட்சம் வந்துவிட்டது என்பதற்காகப் பேரணாம்பட்டை விட்டுவிடலாமா? அங்கேயும் டேனரி இருக்கிறது. அங்கேயும் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்களே அதை, கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஆம்பூரில் வெட்டிய தோல் வண்டியேறிக் கிராமத்துக்குப் போய், தைத்து முடிந்து திரும்பி ஆம்பூருக்கே வருகிறது. இந்தப் போக்குவரத்தை எந்த நகரத் திரள் வரைபடத்திலும் பார்க்கமுடியாது. நடுவில் வயலும் மலையும் இருப்பதால் "தொடர்ச்சியான நகர்ப்பரப்பு" அறுந்துபோகிறது.

அமெரிக்காவில் பெருநகரப் பகுதியை வரையறுக்கும்போது வேலைக்குப் போய்வருகிறவர்களைப் பார்க்கிறார்கள். ஒரு கவுண்டியில் வேலை செய்யும் மக்களில் 25 சதவீதம் பேர் மையப் பகுதிக்கு வேலைக்குப் போனால் அது சேரும். நம் கணக்கெடுப்பு கட்டடத்தைப் பார்க்கிறது, ஆள் எங்கே போகிறார் என்று பார்ப்பதில்லை. 2011-ல் வேலைக்கு எவ்வளவு தூரம், எந்த வாகனம் என்று கேட்டார்கள். எந்த ஊருக்கு என்பது அந்த அட்டவணையில் இல்லை.

சோளிங்கர் பஸ் ஸ்டாண்டில் விடிகாலையில் நின்றால் இந்த அட்டவணையை நீங்களே எழுதலாம். கம்பெனி வண்டிகள் வரிசையாக நிற்கும். ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஒன்று, ஷூ கம்பெனிக்கு ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற ஒன்று. இன்னும் சிலர் பத்து கி.மீ. தள்ளியிருக்கும் சோளிங்கர் ரயில்நிலையத்துக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போவார்கள், அங்கிருந்து அரக்கோணம், அம்பத்தூர். நானும் ஒரு வருஷம் அப்படிப் போனவன்தான். எதிர்த்திசையில் ஊருக்குள்ளேயே இருக்கும் பிரேக்ஸ் இந்தியா வார்ப்பாலைக்கு வெளியூர் ஆட்கள் வருவார்கள். 30 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர், இத்தனை திசைக்கு ஆள் அனுப்புகிறது. இந்த ஊரை யாரோடு சேர்ப்பீர்கள்?

கிணறு

இவ்வளவு கிண்டல் பண்ணிவிட்டு, சேரவேண்டும் என்பது சரி என்று ஏன் சொல்கிறேன்? அதற்குக் காரணம் ஒரு கிணறு.

என் மாமியார் ஊர் வாலாஜாவுக்குக் கிழக்கே பாலாற்றை ஒட்டிய கிராமம். கல்யாணமான புதிதில் அந்தக் கிணற்றில் குளித்திருக்கிறேன். சில வருஷத்தில் தண்ணீர் மஞ்சளித்து, கரையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. நெல் போய், தென்னை போய், கடைசியில் அத்தை நிலத்தைத் தரிசாகவே விட்டுவிட்டார். "ஒரு மனு எழுதிக் குடுங்க மாப்பிள்ளை, நீங்க படிச்சவரு" என்றார். எழுதினேன்.

ஊராட்சியில், "ஆத்துல வர்றதுக்கு நாங்க என்ன பண்ணமுடியும் சார்?" என்றார்கள். மேலே இருக்கிற ஒரு நகராட்சியில், எங்கள் எல்லைக்குள் அந்தக் கிராமம் இல்லை என்றார்கள். ஒரு அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, இது எந்த ஊர் ஆலையால் வந்தது என்று குறிப்பிட்டு எழுதிவரச் சொன்னார்கள். தண்ணீரில் ஊர் பேர் எழுதியிருக்குமா? 2019-க்குப் பிறகு இன்னொரு முறை போனபோது, மேலே இருக்கிற ஆலைகள் இப்போ வேற மாவட்டம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. ஒவ்வொருவரும் தன் எல்லையைச் சரியாகத்தான் சொன்னார்கள்.

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றானது. நிர்வாக வசதிக்காகத்தான், கலெக்டர் ஆபீசுக்குப் போக எங்கள் ஊர்க்காரர்களுக்கு அலைச்சல் பாதியானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோல் தொழில் வரிசை மூன்று துண்டானது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டம். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர். மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும் ராணிப்பேட்டை மாவட்டம். பாலாறு அதே பாலாறுதான். வாணியம்பாடி பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இந்த ஊர்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டுதான் கீழே போகிறது.

மாவட்டத் திட்டக்குழு மாவட்டத்தோடு நின்றுவிடும். மாவட்டங்களைத் தாண்டி நிற்கிற, உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக இருக்கிற ஒரு அமைப்புக்கு அரசியல் சாசனத்தில் இருக்கிற வழி பெருநகரப் பகுதிதான். நண்பர்கள் பெருமைக்காகக் கேட்கிறார்கள். நான் மனுவில் "பெறுநர்" என்ற இடத்தில் யார் பேர் எழுதுவது என்பதற்காகக் கேட்கிறேன்.

இது எங்கள் குடும்பத்துக் கதை மட்டும் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் பாடமாகவே ஆகிவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டம் என்று உறுதியாகச் சொன்னது அதில்தான். டேனரி வரிசையில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்பதும் அதில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இருந்தும் 2025 ஜனவரி 30 அன்று அதே விஷயத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுதவேண்டி வந்தது. ஆற்றைச் சுத்தம் செய்வதைக் கண்காணிக்க மறுபடியும் ஒரு குழு. அந்த வழக்கின் தலைப்பில் இருப்பவர் வேலூர் மாவட்ட ஆட்சியர். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அவர் கையைவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது!

முப்பது வருஷமாக ஒரு ஆற்றை டெல்லியிலிருந்து நீதிமன்றம் பார்த்துக்கொள்கிறது என்றால், உள்ளூரில் அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அர்த்தம்.

எம்ஷர் என்றொரு சாக்கடை

இதே சிக்கலை ஜெர்மனியில் ரூர் பகுதிக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே சந்தித்தார்கள். எஸ்ஸன், டோர்ட்முண்ட், போகும், டூயிஸ்பர்க் என்று நிலக்கரியும் எஃகும் வளர்த்த ஊர்கள். நடுவே எம்ஷர் ஆறு. எல்லா ஊர்ச் சாக்கடையும் எல்லாச் சுரங்கத் தண்ணீரும் அதில்தான். ஒரு ஊர் சுத்தம் செய்தால் அடுத்த ஊர் கெடுக்கும்.

அவர்கள் ஊர்களை ஒன்றாக்கவில்லை. 1899-ல் அந்த ஆற்றுக்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். நகராட்சிகள் மட்டும் இல்லை, சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர்கள். அழுக்கு விடுகிற அளவுக்கு ஏற்பச் சந்தா. ரூர் முழுவதற்குமான திட்டமிடல் அமைப்பு வந்தது அதற்குப் பிறகு, 1920-ல். இன்றைக்கும் ரூர் ஒரே மாநகராட்சி கிடையாது.

உடனே ஆறு சுத்தமாகிவிட்டதா என்றால் இல்லை. பல தலைமுறை எம்ஷரைத் திறந்த சாக்கடையாகவே வைத்திருந்தார்கள். சுரங்கம் தோண்டிய நிலம் உள்வாங்கிக்கொண்டே இருந்ததால் பூமிக்கடியில் குழாய் போடமுடியவில்லை. நிலக்கரித் தொழில் வடக்கே நகர்ந்த பிறகு, 1992-ல் மறுசீரமைப்பைத் தொடங்கி 2021 முடிவில்தான் எம்ஷரைச் சாக்கடையிலிருந்து விடுவித்தார்கள். சுமார் 550 கோடி யூரோ செலவு. ஆனால் முப்பது வருஷம் ஒரு வேலையைப் பிடித்துச் செய்ய அங்கே ஒரு அமைப்பு இருந்தது. வழக்குப் போடுகிறவர்களுக்கு எதிர்த்தரப்பு யார் என்று தெரிந்தது.

சேர்ப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வரிசைமுறைதான். முதலில் பொதுவான பிரச்சினை, அதற்கு ஒரு அமைப்பு, அதற்குக் காசு, கடைசியில் பேர். நாம் பேரிலிருந்து தொடங்கப் பார்க்கிறோம்.

பேரிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. ஹூப்ளியும் தார்வாடும் 1962-ல் ஒரே மாநகராட்சி ஆயின. இருபது கி.மீ. இடைவெளி. அறுபது வருஷம் சேர்ந்திருந்தும், எல்லாக் காசும் ஹூப்ளிக்கே போகிறது என்ற குறை தார்வாடுக்காரர்களை விட்டுப் போகவில்லை. 2025 ஜனவரியில் கர்நாடக அமைச்சரவை தார்வாடுக்குத் தனி மாநகராட்சி தர ஒப்புதல் கொடுத்தது. வேலூரோடு கரைந்தால் ஆம்பூருக்கும் இதுதான் நடக்கும். தோல் ஏற்றுமதியில் பேர் வாங்கிய ஊர், பக்கத்து மாவட்டத்தில் யாரோ பட்ஜெட் போடுவதை ஒத்துக்கொள்ளாது.

காசு யாருக்கு?

ஆறு ஒரு பாதி. மறு பாதி வரி. ஷூ கம்பெனி இருக்கும் ஊருக்குச் சொத்துவரி கிடைக்கிறது. அங்கே வேலை செய்கிறவர் தூங்கி எழுகிற ஊருக்குக் குப்பையும் குடிதண்ணீர்த் தேவையும் பள்ளிக்கூடச் செலவும் மட்டும் கிடைக்கின்றன. அதனால் ஒவ்வொரு ஊரும் தனக்கும் ஒரு ஆலை வேண்டும் என்று நிற்கிறது. ஆலை வந்தால் கழிவு வரும், அது அடுத்த ஊருக்குப் போகும், போகட்டும்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. 1971-ல் ஒரு சட்டம். அதற்குப் பிறகு வளர்கிற வணிக, தொழிற்சாலை வரி அடிப்படையில் 40 சதவீதம் பொதுக் கணக்குக்குப் போகும், அங்கிருந்து எல்லா ஊருக்கும் பிரியும். ஆலை எந்த ஊருக்கு வந்தாலும் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. ஆலையைப் பிடிக்கிற போட்டி கொஞ்சம் தணியும்.

பாலாற்றுப் பெருநகரப் பகுதி என்று ஒன்று வந்தால் நான் முதலில் பார்க்கப்போவது இந்த இரண்டைத்தான். ஆற்றுக்குப் பொறுப்பேற்கிற, ஆலைகளிடம் கழிவின் அளவுக்கேற்பக் காசு வாங்குகிற அதிகாரம் அதற்கு உண்டா? வரியில் ஒரு பங்கு பொதுவாகுமா? இரண்டும் இல்லாமல் மனைப்பிரிவுக்கு முத்திரை குத்துகிற அலுவலகம் மட்டும் வரும் என்றால், அது இப்போதே வேலூரில் உள்ளூர் திட்டக் குழுமம் என்ற பேரில் இருக்கிறது. அதன் எல்லையைப் பெரிசாக்குவதால் அத்தை கிணற்றுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். சென்னையின் சி.எம்.டி.ஏ.வுக்குத் தலைவர் மாநில அமைச்சர். சாசனம் சொல்கிற மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர்ப் பிரதிநிதிகள் குழுவும் இதுவும் வேறு வேறு. நாம் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கவேண்டும்.

சரி, சோளிங்கர்?

என் அளவுகோலை என் ஊருக்கே வைத்துப் பார்க்கிறேன். சோளிங்கர் பாலாற்றங்கரை ஊர் இல்லை. எங்களுக்கு உறவு பொன்னை ஆற்றோடு. அது சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பாலாற்றில் கலக்கிறது. நாங்கள் பாலாற்றைக் கெடுக்கவும் இல்லை, டேனரிக் கழிவு எங்கள் ஏரிக்கு வரவும் இல்லை. ஆற்றுக்காக ஒரு அமைப்பு வந்தால் சோளிங்கருக்கு அதில் பெரிய வேலை கிடையாது. கம்பெனி பஸ்ஸையும் வரிப் பங்கையும் பார்த்தால் ராணிப்பேட்டையோடு உறவு உண்டு, ஆனால் ஸ்ரீபெரும்புதூரோடும் உண்டு.

ஆகவே சோளிங்கரைச் சேர்க்கவேண்டாம் என்பதே என் முடிவு. சென்னையோடும் வேண்டாம், பாலாற்றோடும் இப்போதைக்கு வேண்டாம். ராணிப்பேட்டைக்கு நேரத்துக்கு ஒரு பஸ்ஸும், ரயில்நிலையத்துக்கு விடிகாலையில் ஒரு பஸ்ஸும் போதும். அதற்குப் பெருநகரப் பகுதி தேவையில்லை, இரண்டு டெப்போ மேலாளர்கள் பேசிக்கொண்டால் முடியும். மனை விலை ஏறாது. மாமா திட்டுவார்.

என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு ஒரு எல்லை, பஸ்ஸுக்கு ஒரு எல்லை, வரிக்கு ஒரு எல்லை என்று போனால், நாளைக்கு மனு கொண்டுபோகிறவருக்கு "அது எங்க எல்லை இல்ல" என்று சொல்ல இன்னும் நாலு பேர் கிடைப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை என்று நண்பர்கள் சொல்வதில் இருக்கிற பலம் இதுதான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று பத்து ஊரைச் சேர்த்த அமைப்பு, பத்தில் ஒன்றாக ஆற்றை வைத்துக்கொள்ளும், அதையும் கடைசியில் வைக்கும். ஒரே ஒரு பொறுப்பு உள்ள அமைப்பு அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மோசமான இரண்டில் இது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

போன பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றை மூடவில்லை, மேலே கம்பி வலை போட்டு வைத்திருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது. கிளம்பும்போது அத்தை பழைய மனுவின் ஜெராக்ஸை எடுத்து வந்து, மறுபடியும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். தேதியை மாற்றினேன், அனுப்புநர் அதேதான். பெறுநர் என்ற இடத்தில் மூன்று கலெக்டர்கள் பேரையும் எழுதினேன். வேறென்ன செய்ய?